இல்லாத பாலம்

“கல்லு வந்தாச்சு. ஆளு வந்தாச்சு. பங்குனியில கேட்டேன், இப்ப ஆனி. நீங்க மட்டும்தாம்மா இன்னும் சரின்னு சொல்லலை.”

மடத்து முற்றத்தில் நின்று சொரிமுத்து இதைச் சொன்னார்.

குழல்வாய்மொழி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சொரிமுத்துவுக்கு அறுபதை ஒட்டிய வயது. அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அம்மைதான் குரு, அவர்தான் சீடர். அவர் அம்மா என்பார். அம்மை அண்ணாச்சி என்பார். மடத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

“எதுக்குச் சரி சொல்லணும், அண்ணாச்சி?”

“பாலத்துக்கு.”

“காட்டுங்க.”

சொரிமுத்து அவரை மடத்தின் மேற்குச் சுவருக்கு அழைத்துப் போனார்.

குளத்துக் கரையும் மதகும் கட்டிப் பழகிய கை அவருடையது. பங்குனியில் அந்தச் சுவரில் கரித்துண்டால் இரண்டு கரைகளை வரைந்து, நடுவே ஒரு கோடு போட்டிருந்தார். இப்போது கோட்டின் கீழே கல்தூண்கள் இருந்தன. இரு முனையிலும் மண்டபங்கள் இருந்தன. பிறகு படித்துறை. விளக்குத்தூண். ஒரு பிள்ளையார். மாட்டுத் தொட்டி. பூந்தோட்டம்.

சுவர் போதாமல் படம் மூலை திரும்பியிருந்தது. கடைசிப் பூச்செடி சமையற்கட்டின் கதவில் இருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் போனா சோத்துப் பானையிலயும் வரைஞ்சிருவாரு” என்றார் உள்ளிருந்து சிவனணைந்தான். மடத்துச் சமையற்காரர் அவர்.

“படித்துறை எதுக்கு?” என்று அம்மை கேட்டார்.

“கல்லு கொடுத்தவரு கேட்டாரு. புரட்டாசிச் சனிக்குக் குளிக்க வசதின்னாரு.”

“தொட்டி?”

“வண்டி கொடுத்தவரு கேட்டாரு. மாடு தண்ணி குடிக்கணுமாம்.”

“ஆத்துக்குப் பக்கத்துலயா?”

உள்ளே சிவனணைந்தான் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“பூந்தோட்டம்?”

“அது… நானே போட்டேன்மா. வெறுமையா இருந்துச்சு.”

“பாலம் எதுக்கு?”

இரு கரையிலும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் இல்லை.

அவருடைய ஊர் அக்கரையில் இருந்தது. மேலக்குடி என்று பெயர், ஒரே தெரு. போன கார்த்திகையில் அவருடைய மூத்த மகள் உலகம்மையைப் பிரசவ வலியோடு கட்டிலில் வைத்து ஆற்றங்கரைக்குத் தூக்கி வந்தார்கள். ஆற்றில் வெள்ளம். மருத்துவச்சி பேச்சி இக்கரையில் நின்றாள். அக்கரையில் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தபடி சொரிமுத்து நின்றார். ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் எதுவும் முடியவில்லை. தாயும் பிள்ளையும் கரையிலேயே போனார்கள்.

வெள்ளம் வடிந்ததும் அவர் மடத்துக்கு வந்தார். பிறகு ஊருக்கு எப்போதாவதுதான் போனார்.

“கோமுவுக்கு ஐப்பசிம்மா” என்றார். கோமு அவருடைய இளைய மகள். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள்.

“தெரியும்.”

“ஐப்பசிக்குள்ள பாலம் நிக்கணும்.”

அம்மை சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். மூலை திரும்பி, கதவையும் பார்த்தார்.

“நிக்குமா?”

“ஆரம்பிச்சாத்தானே தெரியும்.”

“அப்ப முடிவு நாளை நடிச்சுக் காட்டுங்க.”

அது மடத்து வழக்கம். எந்த வேலையானாலும், அது முடிந்த பிறகு வரும் ஒரு நாளை, வேலை நடக்கப்போகும் இடத்திலேயே முதலில் நடித்துக் காட்ட வேண்டும். அன்று ஒருவர் கையோ காலோ படாத எதுவும் வேலையில் சேராது.

மடத்துச் சமையற்கட்டும் அப்படிக் கட்டப்பட்டதுதான். அதற்கு ஜன்னல் கிடையாது. நடித்த அன்று சிவனணைந்தானுக்கு மூக்கடைப்பு. புகை தெரியவில்லை. ஜன்னலைத் தொடவில்லை. இன்றுவரை கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கிறார்.

சொரிமுத்து அந்த வழக்கத்தை அறிந்தவர். தயாராகவே வந்தார்.

ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. மணலில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, கரைக்குக் கரை பாலம் போட்டார். மண்டபம் வரும் இடம், தொட்டி வரும் இடம் எல்லாவற்றுக்கும் கோடு போட்டார். கல் கொடுத்தவரும் வண்டி கொடுத்தவரும் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மை கரையில் உட்கார்ந்தார்.

சொரிமுத்து மாலை வாங்கிக்கொண்டார். இல்லாத பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். இல்லாத விளக்கை ஏற்றினார். கல் கொடுத்தவர் இல்லாத படிகளில் இறங்கி மணலில் முழுக்குப் போட்டார். வண்டி கொடுத்தவர் தன் காளையை இழுத்துவந்து தொட்டிக்கோட்டில் நிறுத்தினார். காளை சுண்ணாம்பை நக்கிவிட்டுத் தும்மியது. சொரிமுத்து ஒவ்வொரு பூச்செடியையும் குனிந்து தொட்டார்.

கடைசியில் மேளம்கூட வைத்திருந்தார்.

வியர்வையோடு அம்மையிடம் வந்தார்.

“ஒண்ணு விடாமத் தொட்டாச்சும்மா.”

“நல்ல நாள்தான். கோமு எங்க?”

“கோமுவா? அவ வீட்டுல இருப்பா.”

அம்மை எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“மாலையைக் கழட்டித் தண்ணியில போடுங்க. வாடிரும்” என்று சொல்லிவிட்டு மடத்துக்குப் போய்விட்டார்.

கல் கொடுத்தவர் தலையில் இன்னும் மணல் இருந்தது. “இப்ப சரின்னுட்டாங்களா, இல்லைன்னுட்டாங்களா?” என்று கேட்டார்.

சொரிமுத்துவுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை கோமுவை ஆற்றங்கரைக்கு அழைத்து வந்தார். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. வாய் எப்போதும்போல இருந்தது.

“இல்லாத பாலத்துல நடக்கணுமாப்பா? கால் தவறினா இல்லாத தண்ணியில விழுவேனா?”

“பேசாம நட மக்கா.”

இக்கரையில் அம்மை இருந்தார். பக்கத்தில் பேச்சி நின்றாள். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். வேலை எதுவும் இல்லாமலே சிவனணைந்தான் வந்திருந்தார்.

சொரிமுத்து பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு கையைக் காட்டினார். “வா.”

கோமு அக்கரையில் சுண்ணாம்புக்கோடு தொடங்கும் இடம்வரை வந்தாள். நின்றாள்.

“இது என்ன மாசம்?”

“ஐப்பசின்னு வச்சுக்கோ.”

“அப்ப நான் நிறைமாசம்.” இடுப்பில் கையை ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளி நின்றாள். அடுத்த அடி வைக்கவில்லை.

“ஏன் நின்னுட்ட?”

“எப்படி வருவேன்? ஏழாம் மாசம் தாண்டினா நம்ம ஊர்ல எவ ஆத்தைக் கடந்திருக்கா?”

“பாலத்து மேலல்லா வாரே.”

“கீழ ஓடுறது ஆறுதானே? பாலம் போட்டா அதுக்குப் பேரு மாறிருமா?”

இக்கரையில் சிவனணைந்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“அப்ப ஏழுக்கு முன்னாலயே வந்துரு. மடத்துல தங்கிக்கோ.”

“நான் வந்துருவேன். எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேரு முழுகாம இருக்காளுவ. அவளுவளை எந்த மடத்துல வைப்பீங்க? நடவு யாரு நடுவா?”

“அவசரம்னா வழக்கத்தைப் பார்க்க முடியுமா கோமு? உங்க அக்காளைத் தூக்கிட்டு வரலையா?”

“எப்பப்பா தூக்குனீங்க?”

சொரிமுத்து நீட்டியிருந்த கையைத் தாழ்த்தினார்.

“ராத்திரி முழுக்க வீட்டுலயே வச்சிருந்தீங்க. ஆத்தைத் தாண்டலாமா கூடாதான்னு கிழவிங்க பேசிப் பேசி விடிஞ்சுது. இனி முடியாதுன்னு ஆனபிறகு தூக்குனீங்க. நானும் கூட வந்தேன்லா. நீங்க வெள்ளத்தைப் பார்த்துக்கிட்டு வந்தீங்க. நான் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு வந்தேன்.” கோமுவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “கரைக்கு வரும்போதே அக்கா கண்ணு திறக்கலைப்பா.”

ஆற்றில் காற்று மட்டும் இருந்தது.

அம்மை இக்கரையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்.

“கோமு, நீ வரலை. சரி. அப்ப உன் முடிவு நாளு எப்படி இருக்கும்? நீயே நடிச்சுக் காட்டு.”

கோமு திரும்பினாள். அக்கரையில் ஏறி, புங்க மரத்தடியில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“இங்கதான் இருப்பேன்.”

“வலி வந்தாச்சு.”

“ம். வந்தாச்சு.”

“யாரைக் கூப்பிடுவ?”

“பேச்சியக்காவை.”

“நான் இந்தக் கரையிலல்லா நிக்கேன்!” என்று பேச்சி கத்தினாள்.

“அப்ப வா!”

பேச்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். பாலத்துக்கோட்டுக்கு அவள் போகவில்லை. நேராக மணலில் நடந்தாள்.

“நில்லு பேச்சி!” என்றார் சொரிமுத்து. “இது ஐப்பசி. நீ நிக்கிற இடத்துல தலைக்கு மேல வெள்ளம்.”

பேச்சி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அங்கிருந்து இரு கரையையும் பார்த்தாள். பிறகு காலை ஊன்றினாள்.

“அப்ப நான் புரட்டாசியிலயே வந்துட்டேன்” என்றாள். மேலே நடந்தாள்.

யாரும் அவளை நிறுத்தவில்லை.

“இந்தக் கரைப் பொம்பளைங்களை யாரு பார்ப்பா?” என்று சொரிமுத்து மெதுவாகக் கேட்டார்.

“இங்க வண்டிப்பாதை இருக்கு, அண்ணாச்சி. சந்தையூர்ல என் தங்கச்சி இருக்கா. என்னைவிட அவ கை ராசின்னு ஊரே சொல்லுது. எனக்கும் அந்த எரிச்சல் மூணு மாசம் இல்லாம இருக்கும்.”

பேச்சி புங்க மரத்தடிக்குப் போய் கோமுவின் பக்கத்தில் குந்தினாள்.

“வந்துட்ட. எங்க இருப்ப?” என்று அம்மை கேட்டார். அவரும் மணலில் இறங்கி வந்திருந்தார்.

பேச்சி சுற்றிலும் பார்த்தாள். “ஆமா, எங்க இருப்பேன்?”

“எங்க வீட்டுல இரு” என்றாள் கோமு.

“உங்க வீட்டுல இருந்தா எதிர்வீட்டுக்காரி செத்தாலும் என்னைக் கூப்பிட மாட்டா. உங்க தெருவு எனக்குத் தெரியாதா? ஒருத்தர் வீடும் வேண்டாம். தனியா இருக்கணும்.”

மணலில் கையால் ஓர் அடுப்பு வைத்தாள். “இது கஞ்சிக்கு.” பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். “இது வெந்நீருக்கு.” படுத்துப் பார்த்தாள். “எனக்கு இவ்வளவு.” கோமுவையும் படுக்கச் சொன்னாள். “பிள்ளைத்தாய்ச்சிக்கு இவ்வளவு.” அண்ணாந்து பார்த்துக் கையை மேலே நீட்டினாள். “மேல கூரை.”

“ஜன்னல்!” என்று சிவனணைந்தான் ஓடி வந்தார். “ஜன்னலைத் தொட்டுரு பேச்சி. நான் பட்ட பாடு போதும்.”

பேச்சி எழுந்து, இல்லாத ஜன்னலை இரண்டு கையாலும் திறந்து, வெளியே எச்சில் துப்பினாள்.

“போதுமா?”

“போதும்.”

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக மறுபடி இக்கரைக்கு வந்தாள். தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு திரும்பினாள்.

“இது எதுக்கு?” என்றார் சொரிமுத்து.

“இதை விட்டுட்டு மூணு மாசம் இருப்பேன்னு நினைச்சீங்களா?”

மாடு நேராகப் போய் கோமுவின் தோளில் மூக்கை வைத்தது.

“தொட்டுருச்சு” என்றார் சிவனணைந்தான். “தொழுவமும் உண்டு.”

கோமு சிரித்தாள். பேச்சியும் சிரித்தாள்.

சொரிமுத்து மட்டும் அந்தக் கோட்டின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மை அவர் அருகே வந்து, கோட்டுக்கு வெளியே நின்றார்.

“எங்க நிக்கீங்க, அண்ணாச்சி?”

“பாலத்துல.”

“இன்னைக்கு இதுல யாரு நடந்தா?”

சொரிமுத்து கீழே பார்த்தார். சுண்ணாம்புக்கோடுகளுக்கு நடுவே அவருடைய காலடி மட்டும்தான் இருந்தது.

“நான்தாம்மா.”

“யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“மூத்தவளை” என்றார்.

அம்மை அவர் பக்கத்திலேயே நின்றார். வெயில் ஏறியது. புங்க மரத்தடியில் பேச்சி மாட்டோடு சண்டை போடும் சத்தம் கேட்டது.

பிறகு சொரிமுத்து தன் காலாலேயே கோட்டை அழிக்கத் தொடங்கினார். நடுவிலிருந்து ஒரு கரைவரை. திரும்பி வந்து மறுகரைவரை.

அம்மை உதவி செய்யவில்லை.

கடைசியில் அவர் கரையேறி, பேச்சி கைகாட்டிய இடத்தைக் காலால் அளந்தார்.

“வாசல் எந்தப் பக்கம் வேணும்?” என்று கேட்டார்.

“இப்பத்தான் ஒழுங்கா ஒரு கேள்வி கேக்கீங்க” என்றாள் பேச்சி.

கல் கொடுத்தவருக்குக் கோபம். கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய், தன் ஊர்க் குளத்திலேயே படித்துறை கட்டிக்கொண்டார். வண்டி கொடுத்தவர் அப்படிப் போகவில்லை. தொட்டி, தொட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியின் மாடு தொழுவத்தில் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. அவருடைய தொட்டி அங்கே போய்ச் சேர்ந்தது.

சிவனணைந்தான் சமையற்கட்டின் கதவிலிருந்த பூச்செடியை ஈரத்துணியால் துடைத்தார். சுவரிலிருந்த படத்தை யாரும் துடைக்கவில்லை. முதல் மழையில் பாதி போயிற்று.

ஆவணியில் ஓர் அறை நின்றது. இரண்டு அடுப்பு, ஒரு ஜன்னல், ஒட்டினாற்போல் ஒரு தொழுவம். புரட்டாசியில் பேச்சி மாட்டோடு ஆற்றைக் கடந்தாள். மேலக்குடித் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரிதான் முதலில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐப்பசியில் ஆறு வந்தது.

பேச்சிக்குச் சுக்கும் உப்பும் வாங்கிப் போகலாம் என்று சொரிமுத்து இக்கரைக்கு வந்திருந்தார். திரும்புவதற்குள் தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டது. கையில் பொட்டணத்தோடு கரையில் நின்றார். மறுநாளும் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. சிவனணைந்தான் சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தார். மழைத்தண்ணீர் அதில் விழுந்தது.

மத்தியானம் அம்மை வந்து அவர் பக்கத்தில் நின்றார். ஒரு பனையோலைக் குடையின் கீழ் இரண்டு பேரும் பாதிப் பாதி நனைந்தார்கள்.

அக்கரையில் பேச்சி தெரிந்தாள்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கி வந்தாள். வாயில் கையைக் குவித்துக் கத்தினாள். வெள்ளத்தின் இரைச்சலில் ஒரு சொல்லும் வரவில்லை.

சொரிமுத்து காதருகே கையை வைத்துக் கேட்கவில்லை என்று காட்டினார்.

பேச்சி கத்துவதை நிறுத்தினாள். சேற்றிலேயே உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். அன்று கோமு காட்டிய மாதிரியே இடுப்பில் கை ஊன்றிச் சாய்ந்தாள். பிறகு இல்லாத கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்தாள்.

“கஞ்சி குடிக்கா” என்றார் சொரிமுத்து. “கோமு உட்கார்ந்து கஞ்சி குடிக்காம்மா.”

பேச்சி எழுந்தாள். கைகளைச் சேர்த்து மார்போடு வைத்து, மெல்ல ஆட்டினாள்.

சொரிமுத்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சி போன பிறகும் அவர் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை கொஞ்சம் விட்டது.

“ஒரு பாலம் இருந்தா இப்ப ஓடிப்போய்ப் பார்த்திருப்பேன்மா.”

“கட்டலாமே” என்றார் அம்மை. “அது வேற வேலை. முடிவு நாளை நடிச்சுக் காட்டுங்க.”

சொரிமுத்து எழுந்தார். பொட்டணத்தைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். யாரோ எதையோ அவற்றில் வைத்ததுபோல முழங்கை கொஞ்சம் தாழ்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“வெள்ளம் எப்ப வடியும், அண்ணாச்சி?”

“நாலஞ்சு நாள்ல வடிஞ்சிரும்மா.”

கையிலிருந்ததைத் தூக்கம் கலையாமல் மெல்லக் கீழே கிடத்தினார்.

“நான் மணல்லயே நடந்து போயிக்கிடுதேன்” என்றார். சோறு மிச்சம் இருக்கிறதா என்று சிவனணைந்தானைக் கேட்டார்.